பதினேழாம் பட்டியல்

என் கணவன் ஒட்மாரை நான் அவனுடைய உதட்டுக்காகத்தான் கட்டிக்கொண்டேன். இதைச் சொன்னால் ஊரில் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். இரண்டு காதும் முழுதாகப் போய் நான்கு வருடம் ஆன ஒரு பெண் ஆண்பிள்ளையிடம் வேறு என்னத்தை எதிர்பார்ப்பாள்? வாயைத் திறந்து பேச வேண்டும். பேசும்போது கையால் வாயை மறைக்கக் கூடாது. மென்றுகொண்டே பேசக் கூடாது. பாதிப் பேச்சில் முகத்தைத் திருப்பி ஜன்னலுக்கு மிச்சத்தைச் சொல்லக் கூடாது. இத்தனையும் கூடி வந்த ஆள், நான் போன பஸ் சுற்றுலாவில் இருந்த நாற்பது பேரில் ஒட்மார் ஒருவன்தான்.

ஒரே குறை, மீசை. மேலுதடு பாதி அதற்குள் போய்விட்டது. இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டில் அவன் எதையோ மூன்று தடவை சொல்லியும் எனக்குப் பிடிபடவில்லை. மறுநாள் காலை மீசை இல்லாமல் பஸ்ஸில் ஏறினான். முப்பது வருட மீசையாம். மேலுதடு மட்டும் வெளுத்து, பார்க்கவே பாவமாக இருந்தது. அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். எனக்கு அப்போது ஐம்பது வயது, அவனுக்கு ஐம்பத்து நான்கு.

நான் செல்லெ ஊர்க்காரி. ஜெர்மனியின் வடக்கே, ஹானோவருக்குப் பக்கம். நாட்டிலேயே சுத்தமான ஜெர்மன் பேசுவது நாங்கள்தான் என்று எங்களுக்கு ஒரு திமிர் உண்டு, அதை மறைப்பதும் இல்லை. ஒட்மார் தெற்கே ஃபால்ஸ்காரன், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே பிறந்து, ஊர்க் கூட்டுறவு ஒயின் ஆலையில் பீப்பாய்களோடு வளர்ந்தவன். அந்தப் பக்கத்துப் பேச்சு ஒரு தினுசு என்று எனக்கும் கேள்விதான். ஆனால் முதல் நாளே அவன் சொல்லிவிட்டான், உன்னிடம் நான் சுத்த ஜெர்மன்தான் பேசுகிறேன் என்று. நான் நம்பினேன். அவன் உதடுகளுக்குள் எங்கள் ஊர் வானொலியில் செய்தி வாசிப்பவர் குரலை வைத்துக்கொண்டு ஏழு வருடம் குடும்பம் நடத்தினேன்.

கல்யாணத்துக்குப் பிறகு அவன் ஊருக்கே வந்துவிட்டேன். காது போவதற்கு முன்னால் இருபது வருடம் மருந்துக்கடைக் கவுண்டரில் நின்றவள் நான். இங்கே ஊர் மருந்துக்கடை முதலாளி ஹெர் க்ரோல் எனக்கு வேலை கொடுத்தார், பின்னறையில். களிம்பு கலக்குவது, மாத்திரை எண்ணுவது, பெட்டி பிரிப்பது. கதவு சாத்தியிருக்கும். கவுண்டரில் மெலினா என்ற உள்ளூர்ப் பெண் நிற்பாள். ஆட்கள் வருவதும் போவதும் கதவுக் கண்ணாடியில் நிழலாகத் தெரியும். க்ரோல் நல்ல மனிதர், என்னைப் போல வடக்கத்தி ஆள், ப்ரேமன்காரர், பேச்சும் நடையும் அளந்து வைத்தது மாதிரி இருக்கும். ஆனால் ஏழு வருடம் களிம்பு கலக்கிப் பாருங்கள், தெரியும். எனக்கு மனிதர்கள் வேண்டும். என்ன வேண்டும், எத்தனை நாளாக வலி, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டுக்கொண்டு நின்றால்தான் நான் நானாக இருப்பேன்.

போன இலையுதிர் காலத்தில் காதுக்குள் கம்பி வைத்தார்கள். கோக்ளியர் இம்ப்ளாண்ட். தலைக்கு உள்ளே ஒரு துண்டு, வெளியே காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஒரு வில்லை, காதுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி. முதல் நாள் அதை இயக்கியபோது உலகமே தகர டப்பாவுக்குள் அடைத்த கோழிக்குஞ்சுகள் மாதிரி கத்தியது. ஆண், பெண், தண்ணீர்க் குழாய் எல்லாம் ஒரே கீச்சு. பயப்படாதீர்கள், மூளை கற்றுக்கொள்ளும், ஆனால் பயிற்சி வேண்டும், தினமும் இருபது நிமிடம் வீட்டு ஆளோடு, என்று சொன்னார் ஆஸ்பத்திரியின் கேட்புப் பயிற்சியாளர் ஃப்ராவ் அக்சாய் என்ற அம்மாள். இருபத்து நான்கு பட்டியல்கள் உள்ள ஒரு கோப்பையும் கொடுத்தார்.

அதே வாரத்தில் மெலினா பிள்ளை உண்டாகியிருப்பதாகவும் ஜனவரியோடு விடுப்பில் போவதாகவும் சொன்னாள். நான் க்ரோலிடம் போய் நின்றேன். அவர் பிடியும் கொடுக்கவில்லை, விடவும் இல்லை. மருந்துப் பெயர்கள் ஒன்றுபோல ஒன்று இருக்கும், காது பிசகினால் ஆள் போய்விடும் என்றார். அது நியாயம்தான்.

“பிப்ரவரி ஒண்ணாந்தேதி கவுண்டர்ல யாராவது நிக்கணும்,” என்று என் முகத்துக்கு நேராக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். “நீங்களா, வெளியாளாங்கறத ஆஸ்பத்திரி எழுதிக் குடுக்கட்டும்.”

ஆக எனக்கு மூன்று மாதம் இருந்தது.

பயிற்சி இப்படித்தான். மாலை ஆறு மணிக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் முடிந்ததும் மேஜையைத் துடைத்துவிட்டு எதிரெதிரே உட்காருவோம். பட்டியலில் ஒன்றுபோல ஒலிக்கும் இரண்டு சொற்கள் இருக்கும். ஒட்மார் ஒன்றைச் சொல்வான், எது என்று நான் சொல்ல வேண்டும். உதட்டைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக வாயை மறைத்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் ரொட்டி வெட்டும் பலகையால் மறைத்தான், சத்தமே வரவில்லை. அப்புறம் ஃப்ராவ் அக்சாய் மெல்லிய கறுப்புத் துணி கட்டிய எம்பிராய்டரி வளையம் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒட்மாருக்கு ஒரு கம்பீரம் வந்துவிடும். கண்ணாடி போட்டுக்கொள்வான். தொண்டையைச் செருமுவான். விடைகளைத் தனி நோட்டில் பச்சை மையால் குறிப்பான்.

நன்றாகத்தான் போனது. ‘ம’வுக்கும் ‘ந’வுக்கும் வித்தியாசம் இரண்டாம் வாரமே பிடிபட்டது. ‘த’வும் ‘க’வும் கொஞ்சம் படுத்தின, பிறகு வழிக்கு வந்தன. கோழிக்குஞ்சுகள் ஒன்றொன்றாக ஓய்ந்து மனிதக் குரல் மாதிரி ஏதோ ஒன்று தலைகாட்டியது. டிசம்பர் தொடக்கத்தில் பதினாறு பட்டியல் முடித்துவிட்டோம், எல்லாவற்றிலும் இருபதுக்குப் பதினாறு, பதினேழு. ஒட்மார் நோட்டை ஆலைக்குக் கொண்டுபோய் எல்லாருக்கும் காட்டினான் என்று பிறகு தெரிந்தது.

அப்போது வந்தது பதினேழாம் பட்டியல்.

எங்கள் மொழியில் தேவாலயத்துக்கு ‘கிர்ஹெ’, செர்ரிப் பழத்துக்கு ‘கிர்ஷெ’. நடுவில் இருக்கும் அந்த ஒரு ஒலிதான் வித்தியாசம். முதலாவது மேலண்ணத்தில் உரசிப் போகும் மூச்சு, இரண்டாவது பிள்ளையைத் தூங்க வைக்கும்போது சொல்கிற ‘ஷ்’. இதே மாதிரி, ‘ஓட்டைகள்’ என்பதற்கும் ‘தீயணைப்பான்’ என்பதற்கும் நடுவில் இந்த ஒலிதான். ஆண் விலங்குக்கும் மனிதர்களுக்கும் நடுவிலும் இதுதான். முதல் நாள் இருபதுக்குப் பதினொன்று எடுத்தேன். இரண்டில் ஒன்று என்று கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலே பத்து வரும். இரண்டாம் நாள் ஒன்பது. மூன்றாம் நாள் எட்டு. அதாவது கேட்காமலே இருந்திருந்தால் இதைவிட அதிகம் வந்திருக்கும்.

ஒட்மார் விடுகிற ஆள் இல்லை. உரக்கச் சொன்னான். மெதுவாகச் சொன்னான். எழுந்து நின்று சொன்னான். நான் பத்தைத் தாண்டவில்லை. நீ ஒழுங்காகத்தான் சொல்கிறாயா என்று கேட்டுவிட்டேன். அவனுக்கு முகம் சிவந்துபோயிற்று.

“என்னா கெசீனெ இப்பிடிக் கேக்குற? செர்ரின்னு சொல்றப்ப நான் செர்ரியத்தான் நெனச்சுக்கிட்டுச் சொல்றேன். கோயிலுக்குக் கோயில நெனைக்கிறேன். மனசார சொல்றேன்மா.”

மறுநாள் இன்னும் மனசார நினைப்பதற்காக, பாட்டிலில் ஊறவைத்த செர்ரிப் பழத்தை நிலவறையிலிருந்து எடுத்து வந்து மேஜை மேல் வைத்தான். செர்ரிக்கு அதைப் பார்த்துச் சொல்வான், தேவாலயத்துக்கு ஜன்னல் வழியே கோபுரத்தைப் பார்த்துச் சொல்வான். அன்றைக்கு இருபதுக்கு இருபது. ஒட்மார் கத்திக்கொண்டே நிலவறைக்கு ஓடி, நல்ல நாளுக்கென்று வைத்திருந்த ரீஸ்லிங் ஒயின் பாட்டில் ஒன்றைத் திறந்தான். ஒரு மடக்குக் குடித்ததும் என் மனசாட்சி உறுத்தியது. நான் கேட்கவில்லை, அவன் கண் போகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னேன். பாட்டிலை மூடி வைத்தான். மறுநாளிலிருந்து கண்ணையும் மூடிக்கொண்டான். திரும்பவும் ஒன்பது.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இந்த ஒலி எங்கள் மொழியில் பத்துச் சொல்லுக்கு ஒரு தடவை வரும். ‘நான்’ என்று சொல்வதிலேயே அது இருக்கிறது. அது எனக்குள் நுழையவே நுழையாது என்றால் கவுண்டரை மறந்துவிட வேண்டியதுதான், சாகிற வரைக்கும் களிம்புதான். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒருநாள் அழுதேன். அழுகிற சத்தம் எனக்கே கேட்டது, அது வேறு எரிச்சலாக இருந்தது.

ஒருவேளை என் ஒருத்தன் குரல்தான் உனக்கு ஒத்துவரவில்லையோ என்றான் ஒட்மார். பல குரல்களில் கேட்டால் மூளை பிடித்துக்கொள்ளும் என்று அவனே ஒரு தத்துவம் கண்டுபிடித்தான். ஞாயிறு பூசை முடிந்ததும் ஊர் ஆண்களும் பெண்களும் சோடா கலந்த ஒயினை அரை லிட்டர் தம்ளர்களில் வைத்துக்கொண்டு உட்காருகிற கூட்டம் ஒன்று உண்டு. மதியச் சமையலுக்கு முன்னால் உலக விவகாரம் எல்லாம் அங்கேதான் தீரும். அங்கே வளையத்தோடு போய் நின்றான். பதினொரு பேர் முறை வைத்துக்கொண்டு சொன்னார்கள். அவன் அக்கா சொன்னாள், கசாப்புக்கடைக்காரர் சொன்னார், தீயணைப்புப் படைத் தலைவர் சொன்னார். கடைசியில் பாதிரியார் ஹார்ட்விக் தம்ளரை வைத்துவிட்டு வளையத்தை வாங்கிக்கொண்டு, நாற்பது வருடமாகத் தேவாலயத்தையே சொல்லிக்கொண்டிருக்கும் வாயால் இருபது தடவை சொன்னார்.

பதினொரு பேருக்கும் சேர்த்து எனக்குப் பாதிக்கு ஒன்றிரண்டு குறைவு. பாதிரியார் என் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணினார். கசாப்புக்கடைக்காரர் போகும்போது ஒரு பொட்டலம் கல்லீரல் தொக்கு கொடுத்துவிட்டுப் போனார். சாவு வீட்டுக்குக் கொடுக்கிற மாதிரி.

ஜனவரி மூன்றாம் வியாழக்கிழமை மருத்துவமனைக்குப் போனோம். ஒட்மார் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டு நோட்டைக் கக்கத்தில் வைத்திருந்தான். நான் ஃப்ராவ் அக்சாயிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன், மற்றதெல்லாம் பரவாயில்லை, பதினேழு மட்டும் என்னால் ஆகாது, கம்பி அந்த இடத்தில் பழுதோ என்னவோ என்று. அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். மற்ற எண்களைப் பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார். பிறகு தன் வளையத்தை எடுத்து வாயை மறைத்துக்கொண்டு, எங்கே பார்ப்போம் என்று தொடங்கினார்.

கிர்ஹெ, கிர்ஷெ, கிர்ஷெ, கிர்ஹெ. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டும் இரண்டு. ஒன்று மூச்சு, ஒன்று ‘ஷ்’. ஒரு குழந்தை கூடச் சொல்லிவிடும். இருபதுக்குப் பத்தொன்பது. தப்பான அந்த ஒன்று கூட, சந்தோஷத்தில் தடுமாறிச் சொன்னது.

ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து வரும் குரலில் நடந்த பெரிய பரீட்சையிலும் நூற்றுக்கு எழுபத்தைந்து வந்தது. ஃப்ராவ் அக்சாய் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வீட்டில் நீங்கள் எப்படிப் பயிற்சி செய்கிறீர்கள் என்று ஒரு தடவை காட்டுங்களேன் என்றார் ஒட்மாரிடம். அவன் காத்திருந்த நேரம் அது. கண்ணாடியைப் போட்டான். தொண்டையைச் செருமினான். வளையத்தைப் பிடித்தான். கண்ணை மூடிக்கொண்டு, மனசார, இருபது தடவை சொன்னான். நான் எழுதினேன். ஃப்ராவ் அக்சாயும் தன் தாளில் எழுதினார், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

பிறகு அவன் நோட்டோடு ஒத்துப் பார்த்தோம். எனக்குப் பத்து. ஃப்ராவ் அக்சாய்க்கு ஒன்பது.

ஒட்மார்தான் முதலில் வாய் திறந்தான். மிகவும் கனிவாக, மேஜைக்குக் குறுக்கே குனிந்து சொன்னான்:

“தப்பா நெனைக்காதீங்கம்மா. நீங்களும் ஒருதரம் காதக் காட்டிருங்க. ஆரம்பத்துலயே பாத்தா நல்லதுங்கிறாங்க.”

நான் சிரித்தேன். அடக்க முடியவில்லை. ஒன்றரை மாதப் பயம், குளியலறை அழுகை, கல்லீரல் தொக்கு எல்லாம் சேர்ந்து சிரிப்பாக வந்தது. ஃப்ராவ் அக்சாய் சிரிக்கவில்லை, பாவம், தொழில் தர்மம். உங்கள் வட்டாரத்தில் இந்த இரண்டு ஒலியும் ஒன்றாகத்தான் வரும், இரண்டுக்கும் ‘ஷ்’தான், அது குறையில்லை, வழக்கம், சொல்கிறவருக்குக் கூட வித்தியாசம் தெரியாது என்று பக்குவமாக எடுத்துச் சொன்னார். தன் கைப்பேசியில் ஒட்மாரின் குரலைப் பதிந்து அவனுக்கே போட்டுக் காட்டினார். ஒட்மார் கேட்டான். இன்னொரு தடவை போடச் சொன்னான். பிறகு கண்ணாடியைக் கழற்றி உறைக்குள் வைத்தான்.

வண்டியில் வரும்போதும் எனக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. பாதிரியார் நாற்பது வருடமாக ஊரையே செர்ரிக்குள் வரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார் என்றேன். அவன் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஊர் எல்லைத் திராட்சைத் தோட்டங்கள் வந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தினான். நான் பார்ப்பதற்கு வசதியாக முகத்தை என் பக்கம் திருப்பினான், இனி அது தேவையில்லை என்பதையும் மறந்து.

“ஏழு வருசமா என் குரல் எப்பிடி இருக்கும்னு நெனச்சுக்கிட்டு இருந்த?”

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது. வானொலியில் செய்தி வாசிப்பவர் மாதிரி என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். “மீச போச்சு,” என்றான். “இப்பப் பேச்சும் போச்சு.”

அப்போதுதான் என் சிரிப்பு நின்றது. இந்த மனிதன் ஒன்றரை மாதம் கண்ணை மூடிக்கொண்டு செர்ரியை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், எனக்காக. நான் அவனை ஒரு பரீட்சைக்காரிக்கு முன்னால் வைத்துச் சிரித்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. ஆனால் அதைச் சொல்வதற்குள் அவன் வண்டியைக் கிளப்பிவிட்டான்.

மறுநாள் க்ரோலிடம் ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். எழுபத்தைந்து நல்ல எண்தான், இருந்தாலும் பெட்டிக் குரல் வேறு, கடை வேறு என்றார். மாதக் கடைசித் திங்கட்கிழமை மெலினா டாக்டரைப் பார்க்கப் போகிறாள், அன்று காலை ஒரு மணி நேரம் கவுண்டரில் நில்லுங்கள், நான் பக்கத்தில் இருப்பேன், அதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார். வெளியாளுக்கு விளம்பரம் எழுதி மேஜை மேல் தயாராக வைத்திருந்தார். தாள் தலைகீழாக இருந்தாலும் நான் படித்துவிடுவேன்.

வீட்டில் வேறு கூத்து. நான் திங்கட்கிழமை ஜெயிக்க வேண்டும் என்று ஒட்மார் தன் பேச்சையே மாற்றிக்கொண்டுவிட்டான். அரைகுறைப் பேச்சால் உன் காதைக் கெடுத்தேன், இனி இந்த வீட்டில் சுத்த ஜெர்மன்தான் என்று அறிவித்தான். மாலையில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, “மாலை வணக்கம் கெசீனெ. இன்றைய உன் பணி எவ்வாறு அமைந்தது?” என்பான். நான் திரும்பிப் பார்ப்பேன், வேறு யாராவது வந்துவிட்டார்களோ என்று. மூச்சு ஒலியை எங்கே போடுவது என்று தெரியாமல் எங்கும் போட்டான். மீன் குழம்பைப் பார்த்து ‘ஃபிஷ்’ என்பதற்குப் பதில் ‘ஃபிஹ்’ என்றான். மேஜைக்குச் சொல்கிற ‘டிஷ்’ஷையும் அப்படியே பண்ணினான். கழுவும் தொட்டி முன்னால் நின்று பூனையைக் கண்ட வாத்து மாதிரி சீறிப் பழகினான். ஒவ்வொரு சொல்லுக்கு முன்னாலும் யோசித்ததால் ஒரு வாக்கியம் முடிவதற்குள் சூப் ஆறிப்போகும். கொஞ்ச நாளில் வாக்கியங்கள் குறைந்தன. திங்கட்கிழமைக்கு முந்தின இரண்டு நாளும் வணக்கத்தோடு நிறுத்திக்கொண்டான். இந்த வீட்டில் நான் செவிடாக இருந்த காலத்தில் கூட இத்தனை அமைதி இருந்ததில்லை.

விட்டுவிடு, உன் பேச்சே பேசு என்று சொல்லிப் பார்த்தேன். “திங்கள் முடியட்டும்,” என்றான், சுத்தமாக.

திங்கட்கிழமை காலை வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு கவுண்டரில் நின்றேன். க்ரோல் இரண்டு அடி தள்ளி இருமல் மருந்துகளை அடுக்குகிற மாதிரி நின்றார். அடுக்கியதையே கலைத்து அடுக்கினார். முதலில் வந்தவர் வெளியூர் விற்பனைப் பிரதிநிதி, தலைவலி மாத்திரை கேட்டார், செய்தி வாசிப்பவர் மாதிரி பேசினார், ஒரு சொல் விடாமல் கேட்டது. க்ரோல் தலையசைத்தார். இரண்டாவது ஒரு மாணவி. அதுவும் சுலபம்.

மூன்றாவது ஃப்ராவ் ஷெரர். எண்பது வயது, மேல்கோடித் தோட்டத்துக்காரி. வெளியே பனி. கம்பளிச் சால்வையை மூக்கு வரை சுற்றிக்கொண்டு வந்தார், அதை இறக்கவும் இல்லை. உதடு என்று பார்க்க ஒன்றுமே இல்லை. கண் இரண்டும் சால்வையும்தான். கைப்பையைக் கவுண்டர் மேல் வைத்தார், பேசத் தொடங்கினார், மூச்சு விடாமல்.

“எங்க ஊட்டுக்காரருக்கு முட்டி மறுபடி எந்திரிக்க உடமாட்டேங்குது தாயி. போன தடவ குடுத்தீங்களே எரியுற களிம்பு, அது வேணாம். தோலே உரிஞ்சுபோச்சு மனுசனுக்கு. திராட்ச அறுப்புக்கு முன்னாடி ஒண்ணு குடுத்தாங்க பாரு, கறுப்பு டப்பா, கற்பூர வாசன அடிக்கும், அதக் குடு. அப்புறம் அவரு ரத்தம் இளக்குற மாத்திர வேற முழுங்குறாரு, அதோட இது சேருமான்னும் பாத்துச் சொல்லு.”

எனக்குத் திக்கென்றது. காரணம், அத்தனையும் புரிந்தது. மூச்சு ஒலி வர வேண்டிய இடமெல்லாம் ‘ஷ்’, பாதிச் சொற்களுக்கு வால் இல்லை, மீதிச் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்தன. அப்படியே என் சமையலறை மேஜை. மூன்று மாதம் மாலை ஆறு மணிக்கு எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த குரல். பின்னறைக்குப் போய் நானே கலக்கி வைத்திருந்த கற்பூரக் களிம்பைக் கொண்டுவந்தேன். கணவருடைய மாத்திரையின் பெயரைக் கேட்டேன், சொன்னார், திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டேன், கணினியில் பார்த்தேன், மேலே தடவிக்கொள்ளலாம், புண் உள்ள இடத்தில் மட்டும் வேண்டாம், தோல் ஆறட்டும் என்றேன். எரிகிற களிம்பை யார் கொடுத்தார்கள் என்று கேட்டேன்.

ஃப்ராவ் ஷெரர் சால்வைக்கு மேலே இருந்த கண்ணால் க்ரோலைக் காட்டினார். “இவருதான். நான் பாட்டுக்கு வேணாம் வேணாங்குறேன், இவரு பாட்டுக்குத் தலைய ஆட்டிட்டு அதையே கட்டிக் குடுத்துட்டாரு. அந்தப் பொண்ணு அன்னிக்கு லீவு.”

அவர் களிம்போடு போக, வெளிக்கதவு சாத்திக்கொண்டது. க்ரோல் கையில் இருமல் மருந்தோடு என் பக்கத்தில் வந்தார். கடையில் வேறு யாரும் இல்லை என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு, பதினொரு வருடமாக இந்த ஊரில் கடை வைத்திருக்கும், இரண்டு காதும் குறையில்லாத அந்த மனிதர், செவிட்டுப் பெண்ணான என் காதுப் பக்கம் குனிந்து, மெல்லிய குரலில் கேட்டார்:

“என்ன சொன்னாங்க?”

சொன்னேன். ஒன்று விடாமல், அவருடைய தலையாட்டல் உட்பட. அவர் காது மடல் சிவந்தது. மெலினா இல்லாத நாட்களில் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டேன். முகத்தைப் பார்த்து ஊகிப்பேன் என்றார். ஏழு வருடமாக நான் செய்த அதே வேலை. மேஜைக்குப் போய் விளம்பரத்தை நான்காக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார். ஒன்றாம் தேதி என்று காத்திருக்க வேண்டாம், நாளையே நில்லுங்கள், நானும் பக்கத்தில் இருந்து கொஞ்சம் கற்றுக்கொள்கிறேன் என்றார்.

மாலையில் வேலை முடிந்து வீட்டுக்கு நடந்து வரவில்லை, கிட்டத்தட்ட ஓடினேன். ஒட்மார் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான், கையைத் துடைத்தான், உதட்டைக் கூட்டி மூச்சை அண்ணத்தில் ஏற்றித் தயாரானான்.

“மாலை வணக்கம் கெசீனெ. இன்றைய தேர்வில் உனக்கு...”

“ஒட்மார்,” என்றேன், “நாளையிலேர்ந்து நான் கவுண்டர்ல. இந்த ஊர்ல எல்லாரும் உன்ன மாதிரிதான் பேசுறாங்க. உன்கிட்ட கத்துக்கிட்டதாலதான் எனக்கு இன்னிக்கு வேல கெடச்சுது. எனக்கு அந்த வானொலிக்காரன் வேண்டாம். உக்காரு. உன் வாயில வர்றபடி பேசு.”

அவன் உட்காரவில்லை. கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். கண் கலங்கியது, உடனே மூக்கை உறிஞ்சிச் சமாளித்தான்.

“என்னாத்தப் பேசுறது?” என்றான், பழையபடி, ஒவ்வொரு மூச்சும் ‘ஷ்’ஷாக.

எதையாவது பேசு என்றேன். ஆலையில் புதிதாக வந்த மேனேஜரைப் பற்றித் தொடங்கினான். பத்து நாளாகப் பேசாமல் சேர்த்து வைத்திருந்தான் போலிருக்கிறது, உருளைக்கிழங்கு வெந்து குழைகிற வரைக்கும் நிறுத்தவில்லை. பேசும்போது என் பக்கம் பார்க்கக்கூட இல்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் பேசினான். ஒரு சொல் கூட எனக்குத் தப்பவில்லை.